நகராத முள்

ஹம்சாவை அவள் புருஷன் முதல் தடவையாகத் தூக்கி எறிந்தது அவள் இருபத்திரண்டு கிலோ குறைந்த பிறகுதான். அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் அடித்திருக்கிறான். குடைக் காம்பால், கரண்டியால், செருப்பால், உயரக் கொடியில் மடித் துணி போடும் மடிக்கோலால். ஆனால் எறிந்ததில்லை. எறிய முடிந்ததில்லை.

அப்போது அவள் நூற்றுப் பதினெட்டு கிலோ. அடி விழப் போகிறது என்று தெரிந்ததும் தளிகை உள்ளுக்குள் போய், அடுப்பு மேடைக்குப் பக்கத்து மூலையில் முதுகைச் சுவரோடு ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். முகத்தை மட்டும் கைகளுக்குள் புதைத்துக்கொள்வாள். அதற்கப்புறம் அவனால் அவளை அங்கிருந்து அசைக்க முடியாது. மயிரைப் பிடித்து இழுப்பான், தோளில் உதைப்பான், கடைசியில் அவனுக்கே மூச்சு வாங்கிக் கூடத்து நாற்காலியில் போய் விழுவான். "மலை! மலை மாதிரி குந்திண்டிருக்கா பாரு!" என்று கத்துவான். அவன் வாயிலிருந்து வந்த வசவுகளிலேயே ஹம்சாவுக்கு அது ஒன்றுதான் பிடித்திருந்தது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காபி ஆறிப்போயிருந்தது என்று அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். பழக்கத்தில் இழுத்ததுதான். அவள் வருவாள் என்று அவனே நினைக்கவில்லை. அவள் வந்துவிட்டாள். மூலையிலிருந்து பெயர்ந்து, தரையில் வழுக்கிக்கொண்டு, கதவு நிலையில் நெற்றி மோதி, கூடத்தில் போய் விழுந்தாள். புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மறு கண்ணால் அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் கோபம் இல்லை. புதிதாக சைக்கிள் பாலன்ஸ் கிடைத்தவன் முகத்தில் இருக்குமே, அப்படி ஒரு சந்தோஷம். கிட்டே வந்து அவளைத் திரும்பத் தூக்கினான். இந்தத் தடவை சோபாவின் கால் அவள் விலாவில் இடித்தது.

கஸ்தூரிரங்கனை மயிலாப்பூரில் நாலு பேரிடம் கேட்டால் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியில் ஆபீஸர். பஸ்ஸில் வயசானவர்களுக்கு எழுந்து இடம் கொடுப்பான். டிசம்பர் சீசனில் சபா கேன்டீனில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் அவன்தான் காபி வாங்கித் தருவான். கச்சேரி ரோடிலிருந்து பிரிகிற சந்தில், இரண்டாம் மாடி வீடு. அந்த மாடிப்படி ஏறும்போதே சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக்கொண்டே வருவான். அந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்டு, இன்றைக்கு எப்படி என்று ஹம்சா கண்டுபிடித்துவிடுவாள். கீழ் வீட்டு சுப்புலக்ஷ்மி மாமியும் கண்டுபிடித்துவிடுவாள். மேலே முதல் சாமான் விழுந்ததும் மாமி ரேடியோவைச் சத்தமாக வைப்பாள்.

ஹம்சாவுக்குக் குழந்தை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். அவன் விடச் சொன்னதால் விட்டாள். சின்ன வயசிலிருந்தே கனத்த உடம்பு; முப்பதுக்கு மேல் இன்னும் ஊதத் தொடங்கியது. நாற்பதில் சர்க்கரை வந்தது, முழங்கால் போயிற்று, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த அவள் அண்ணா அம்பி, மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்தபடியே அவள் கண்ணயர்ந்ததையும், திடீரென்று மூச்சில்லாமல் உதடு நீலமாகிப் போனதையும் பார்த்துப் பயந்துவிட்டான். அங்கே இதற்கெல்லாம் வயிற்றைச் சுருக்கி ஆபரேஷன் செய்கிறார்கள் என்றான். விசாரித்ததில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டாக்டர் தனபாலன் அடையாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் அதைச் செய்கிறார் என்று தெரிந்தது. செலவு அம்பியுடையது. எடை பார்க்கிற மெஷின் ஒன்றையும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போனான்.

"என் சம்சாரத்துக்காக நான் எதுக்கும் தயார்" என்று கஸ்தூரிரங்கன் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் காதிலும் விழச் சொன்னான்.

வயிற்றின் மேல் பாகத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சின்னப் பை மட்டும் விட்டு, மீதியைத் தடுத்துத் தைத்து, அந்தப் பையின் வாயில் இறுக்கமாக ஒரு வளையம் போட்டார்கள். மூன்று ஸ்பூன் ரசஞ்சாதம் உள்ளே போனால் நெஞ்சு அடைத்துவிடும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று எடை மளமளவென்று கொட்டியது. முழங்கால் வலி போயிற்று. கஸ்தூரிரங்கன் அவளை ஆபீஸ் ஃபங்ஷனுக்கு அழைத்துப் போய் நடுவில் நிறுத்திக் காட்டினான். "இன்னும் முப்பது கிலோ இறங்கும் பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டே எல்லார் எதிரிலும் அவள் மேல்கைச் சதையைக் கிள்ளிக் காட்டினான். கன்றிப் போன அந்த இடத்தை அவள் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

ஏப்ரலில் அவன் தூக்கி எறியக் கற்றுக்கொண்டான். மே மாதம் எடை நின்றுவிட்டது.

தொண்ணூற்றுநாலு. வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்ததும் மெஷின் மேல் ஏறி நிற்க வேண்டும். அவன் குனிந்து பார்ப்பான். முதல் வாரம் முள் நகரவில்லை என்றதும் மெஷினைத் தட்டிப் பார்த்தான். அடுத்த வாரமும் தொண்ணூற்றுநாலு. மூன்றாவது வாரம் அவள் மெஷினைவிட்டு இறங்குவதற்குள் கன்னத்தில் அறைந்தான். காதுக்குள் ஒரு கொசு புகுந்துகொண்ட மாதிரி சாயங்காலம் வரை ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"திருட்டுத்தனமா என்னடி முழுங்கறே?"

"ஒண்ணும் இல்லேன்னா. பெருமாள் சத்தியமா..."

"பெருமாளை இழுக்காதே. அலமாரிச் சாவியைக் குடு."

அன்றிலிருந்து சாமான் அலமாரிக்குப் பூட்டு. ஆபீஸிலிருந்து வந்ததும் அவள் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்ப்பான். ஒரு நாள் ஏலக்காய் வாசனை அடித்தது என்று பூட்டை எடுத்து அவள் விரல்களின் மேல் ஓங்கிப் போட்டான். இடது கை மோதிர விரல் அப்படியே கோணலாக ஒட்டிக்கொண்டது.

இதில் ஹம்சா சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அவள் முழுங்கிக்கொண்டுதான் இருந்தாள். கெட்டியான எதுவும் அந்த வளையத்தைத் தாண்டாது. ஆனால் தித்திப்பாக, கொழகொழவென்று இருப்பது எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று அவளாகவே கண்டுபிடித்திருந்தாள். டப்பாவில் வரும் கெட்டிப் பாலை வாங்கி, சோப்புத் தூள் டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தாள். அடி விழுந்த பிறகு, அவன் வெளியே போனதும், ஸ்பூனால்கூட இல்லை, டப்பாவோடு தூக்கிக் குடிப்பாள். பசியால் இல்லை. தொண்டையில் அது இறங்கும்போது, உள்ளே மறுபடியும் ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டு கனமாகிற மாதிரி இருக்கும். அந்தக் கனம் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மெஷின் அரைக் கிலோ கூடுதலாகக் காட்டியது. கஸ்தூரிரங்கன் நேராகத் தளிகை உள்ளுக்குப் போனான். பெரிய கிண்ணத்தில் முதல் நாள் சாதத்தைப் போட்டு, தயிர் ஊற்றித் தானே பிசைந்தான்.

"எவ்வளவுதான் திங்க முடியறதுன்னு இன்னிக்குப் பார்த்துடலாம். வாயைத் திற."

"வேண்டாம்னா. அடைச்சுக்கும். டாக்டர் சொல்லியிருக்கார்."

அவளைத் தரையில் தள்ளி மார்மேல் முழங்காலை வைத்து அழுத்தினான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பிடி, இன்னொரு பிடி என்று வாய்க்குள் திணித்தான். நாலாவது பிடி இறங்கவில்லை. நெஞ்சுக்கு நடுவில் கல் மாட்டிக்கொண்ட மாதிரி வலி. வாயிலிருந்து நுரை நுரையாக எச்சில் வழிந்தது, கண் செருகியது. அவன் அதை நடிப்பு என்று நினைத்தான். எழுந்து நின்று, சரியாகத் தையல் போட்ட இடத்தில், வயிற்றில் உதைத்தான். சாதமும் தயிருமாக எல்லாம் வெளியே வந்தது. அதன் மேல் ரத்தம் நூல் நூலாக ஓடியிருந்தது.

கீழே ரேடியோவில் யாரோ பக்திப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரிரங்கன் கை அலம்பி, ஷர்ட் மாற்றிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினான். ஹம்சா முகம் கழுவி, புடவை மாற்றி, தானே தெருவில் இறங்கி ஆட்டோ பிடித்தாள்.

டாக்டர் தனபாலன் குழாய் விட்டுப் பார்த்தார். தையல் பிரியவில்லை, உள்ளே வீங்கியிருக்கிறது, கொஞ்ச நாளைக்கு நீர் ஆகாரம்தான் என்றார். பிறகு அவள் கழுத்தையும் விலாவையும் பார்த்தார்.

"எப்படிம்மா ஆச்சு?"

"படியில விழுந்துட்டேன் டாக்டர்."

அவர் அவள் எடைச் சீட்டை எடுத்துப் பார்த்தார். "எடை குறையலைன்னுதானே கவலைப்படறீங்க? முதல் நாலஞ்சு மாசம் உடம்பு ஏமாந்து போய்க் கொட்டும். அப்புறம் முழிச்சுக்கும். இவ்வளவுதான் வருதா, சரி, இதுலயே சிக்கனமா ஓட்டுவோம்னு செலவைக் குறைச்சுக்கும். எல்லாருக்கும் நிக்கும். நிக்கறது தப்பில்ல. மீதியை அஃப்சர் பேசுவாங்க" என்று சொல்லி, சாப்பாட்டு யோசனை சொல்கிற அஃப்சருன்னிசாவை அழைத்து அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அஃப்சருன்னிசாவுக்கு முப்பது வயது இருக்கும். ராயப்பேட்டைக்காரி. சுற்றி வளைக்கத் தெரியாது.

"இனிப்பா ஏதாவது குடிக்கிறீங்களா மேடம்?"

அந்தக் கேள்வியை அவள் அடிக்காமல் கேட்டாள். அதிலேயே ஹம்சா உடைந்துபோனாள். டப்பாப் பாலைச் சொன்னாள். சோப்புத் தூள் டின்னைச் சொன்னாள். கடைசியில், தனக்கே இதுவரை சொல்லிக்கொள்ளாததைச் சொன்னாள். "மெலிஞ்சா என்னைத் தூக்கிடறார், அஃப்சர். முன்னெல்லாம் அவரால முடியாது. இப்போ துணி மூட்டை மாதிரி தூக்கிப் போடறார். இன்னும் இறங்கினா ஜன்னல் வழியா போட்டுடுவார்."

அஃப்சருன்னிசாவின் முகம் கறுத்தது. "போலீசுக்குப் போகலாம். இப்பவே. நான் கூட வர்றேன்."

ஹம்சா தலையை ஆட்டினாள். முடியாது என்று.

"அப்ப நான் சாப்பாடுதான் பேச முடியும்" என்றாள் அவள், கோபமாகவே. "டப்பாப் பால் உங்களுக்குப் பலம் குடுக்காது. வெறும் சர்க்கரை, கொழுப்பாத்தான் சேரும். அவர் இழுத்தா வழுக்கிட்டு வர்றீங்கன்னா, எடை போனது மட்டும் காரணம் இல்ல. சரியாச் சாப்பிடாம, அசையாம, கொழுப்போட சேர்த்துச் சதையும் கரைஞ்சிருக்கு. பிடிச்சு நிக்கக் காலுக்குத் தெம்பு இல்ல. பருப்பு, பயறு, பனீர், தயிர். முதல்ல அதுதான். அப்புறம்தான் சோறு. மணல்ல நடங்க. எதையாவது தூக்குங்க. முள்ளு நகராது, இன்னும் ரெண்டு மாசம்கூட நகராது. அதைப் பார்க்காதீங்க."

"அவர் பார்ப்பாரே."

அஃப்சருன்னிசா ஒரு சீட்டில் தன் போன் நம்பரை எழுதி அவள் கையில் வைத்தாள்.

அந்த வருஷம் மயிலாப்பூரில் குழாயில் காற்றுதான் வந்தது. தெருமுனையில் தண்ணி லாரி நிற்கும். பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கும். இரண்டாம் மாடிக்கு ஏற்றித் தர ஒரு ஆள் வைத்திருந்தார்கள். ஹம்சா அவனை நிறுத்திவிட்டுத் தானே தூக்கினாள். முதல் நாள் ஒரு குடத்தோடு பாதிப் படியில் உட்கார்ந்து அழுதாள். லாரியில் குழாய் பிடிக்கிற வேலு அவளை வேடிக்கை பார்ப்பான்.

"இன்னாம்மா, நீயே தூக்கினு போறே? மாமாவை அனுப்புறது?"

"நீ குடத்தைப் புடிப்பா."

ஜூலையில் இரண்டு கையிலும் இரண்டு குடம். காலையில் பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போய்க் கணுக்கால் புதையும் மணலில் நடந்தாள். கடையில் தனியாக வாங்கிய பாசிப் பயறை வேகவைத்து மசித்து, உப்பும் எலுமிச்சையும் போட்டுச் சின்னச் சின்னக் கவளமாக, ஒன்றை அரைத்துக் கூழாக்கிய பிறகு இன்னொன்றாக, பொறுமையாகச் சாப்பிட்டாள். டப்பாவை ஒரே நாளில் விட்டுவிடவில்லை. இரண்டு தடவை மறுபடியும் வாங்கிவிட்டாள். ஒரு தடவை குடித்துவிட்டு, தானே தன் கன்னத்தில் மாறி மாறி அறைந்துகொண்டாள். அறைந்த பிறகு, இந்தக் கையும் அவன் கை மாதிரியே ஆகிவிட்டதே என்று பயந்து, டப்பாவைச் சாக்கடையில் கொட்டினாள்.

முள் தொண்ணூற்றுநாலிலேயே நின்றது. ரவிக்கை இடுப்பில் தொளதொளத்து, மேல்கையில் மட்டும் இறுக்கமாக இருந்தது. தொடையை அழுத்திப் பார்த்தால் விரல் உள்ளே போகவில்லை. வெள்ளிக்கிழமை கன்னத்தில் விழுகிற அறை நிற்கவில்லை. ஆனால் ஆகஸ்டில் ஒரு நாள் அவன் கையைப் பிடித்து இழுத்தபோது அவள் ஒரு அடி வந்து நின்றுவிட்டாள். அவன் இரண்டு கையாலும் இழுத்தான். அவள் நின்றாள். அவன் முகத்தில் குழப்பம் வந்தது. அந்தக் குழப்பத்துக்கும் சேர்த்து மடிக்கோலை எடுத்து முதுகில் விளாசினான். ஏழெட்டு வரி விழுந்தது. அவளுக்கு அன்று வலியைவிட அந்த முகம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸில் ஆடிட் என்று அவன் சீக்கிரமே கிளம்பிவிட்டான். "சாயங்காலம் வந்து பார்க்கறேன். குறையலேன்னா இருக்கு உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். ஹம்சா தண்ணீர் தூக்கினாள், பயறு வேகவைத்தாள், தலைக்குக் குளித்தாள். மெஷினுக்கு முன்னால் வந்து நின்றாள். ஏறவில்லை. அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கி வந்து, தலைக்கு மேலே உயர்த்தி, கண்ணாடியின் நடுவில் போட்டாள். கண்ணாடி சிதறியது. மறுபடி தூக்கிப் போட்டாள். தகடு வளைந்தது, உள்ளேயிருந்த ஸ்பிரிங் ஒன்று துள்ளி வந்து அவள் காலைக் கீறியது. அது பிஸ்கட் தகரம் மாதிரி சப்பையாகும்வரை விடவில்லை. வாசல் கதவைத் திறந்தால் நேரெதிரே, அவன் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் அதைப் போட்டு வைத்தாள். ஓடிவிடலாமா என்று நினைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

வெயில் இறங்குகிற நேரத்தில் செருப்புச் சத்தம் படியேறியது. கதவைத் திறந்தவன் தகரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கத்தவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மூலையில் சாத்தியிருந்த மடிக்கோலை எடுத்தான்.

"மூலைக்குப் போ."

"போகமாட்டேன்."

முதல் அடி தோளில் விழுந்து கோல் இரண்டாக முறிந்தது. முனைப் பாதி எகிறி விழுந்தது. கையிலிருந்த மீதியால் அவன் முகத்தைப் பார்த்து வீசினான். ஹம்சா குறுக்கே கையைக் கொடுத்தாள். பிறகு அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தினம் குடத்தின் கழுத்தைப் பிடித்த விரல்கள். அவன் உதறினான், வரவில்லை. மற்றக் கையால் மூக்கில் குத்தினான். வாய்க்குள் ரத்தம் வந்தது. அவள் அதைத் துப்பாமல் அவனைத் தன் பக்கம் இழுத்தாள். அவன் வந்தான். எவ்வளவு லேசாக இருக்கிறான் என்று அவளுக்கே ஆச்சரியம். இத்தனை வருஷமும் இவன் அறுபது கிலோதான்.

அவனைத் தரையில் தள்ளி அவன்மேல் விழுந்தாள். தொண்ணூற்றுநாலு கிலோவும் அவன் மார்மேல் இறங்கியது. அவன் கை அடியில் மடங்கிக்கொண்டது. பச்சை முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அவன் வீரிட்டான். அதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. பக்கத்தில் கிடந்த கோலின் பாதியை எடுத்து வாயில் அடித்தாள். கண்ணாடி பறந்தது. பல் ஒன்று உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. "குறைஞ்சுதா? குறைஞ்சுதா பாருங்கோ! குறைஞ்சுதா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். அவன் "ஹம்சா, ஹம்சா" என்று அழுதான். அவன் தன் பெயரைச் சொல்லிக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. அதற்காகவும் ஒரு அடி அடித்தாள்.

கதவை யாரோ இடித்தார்கள். சுப்புலக்ஷ்மி மாமியின் குரல்: "ஐயோ ஹம்சா! அவரைக் கொன்னுடாதேடி!"

ஹம்சா எழுந்து தாழ்ப்பாளைத் திறந்தாள். முகமெல்லாம் ரத்தம். "வாங்கோ மாமி. இத்தனை வருஷமா நான் கத்தினப்போ இந்தப் படி உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

மாமி வாயைப் பொத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு கஸ்தூரிரங்கன் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். ஹம்சாவையும் வரச் சொல்லி ஆள் வந்தது. அவள் வழியில் டெலிபோன் பூத்திலிருந்து அஃப்சருன்னிசாவைக் கூப்பிட்டாள். அவள் ஸ்கூட்டரில் வந்து வாசலிலேயே காத்திருந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "சார், உங்க ஒய்ஃப் உங்களை அடிச்சாங்கன்னு எழுதணும். அதானே?"

"கொலை முயற்சின்னு எழுதுங்கோ" என்றான் அவன், பல் போன வாயால்.

பின்னால் நின்ற கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க முடியாமல், "இன்னா சார், வூட்டு மேட்டரை இங்க இட்டாந்துகினு" என்றார். சப்-இன்ஸ்பெக்டர் அவரை முறைத்துவிட்டு ஹம்சாவிடம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

படியில் விழுந்தேன் என்று அவள் பழக்கத்தில் வாயெடுத்துவிட்டாள். அஃப்சருன்னிசா அவள் கையை அழுத்தினாள். ஹம்சா முதுகுப் பக்கம் தலைப்பை விலக்கினாள். பழைய வரிகளும் புது வரிகளும். கோணல் விரலைக் காட்டினாள். புருவத்தின் தழும்பை, காதுக்குப் பின்னால் கரண்டி சுட்ட இடத்தைக் காட்டினாள். கான்ஸ்டபிளின் சிரிப்பு போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாம், அடிச்சேன். பொய் சொல்லலை. அதையும் எழுதிக்கோங்கோ" என்றாள் ஹம்சா.

கஸ்தூரிரங்கன் ஆபீஸ் பெயரைச் சொல்ல ஆரம்பித்தான். ஆபீஸுக்கே போன் பண்ணி விசாரிக்கிறேன் என்று சப்-இன்ஸ்பெக்டர் போனைத் தன் பக்கம் இழுத்ததும் பேச்சை நிறுத்தினான். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டான். ஹம்சா, அஃப்சருன்னிசாவோடு போய் மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கவில்லை. இரண்டு தடவை ஆள் அனுப்பிப் பேசிப் பார்த்தான்; ஒரு தடவை கோயில் வாசலில் வழிமறித்தான். அவள் நின்று திரும்பியதும் நாலு அடி பின்னால் போனான். இரண்டாயிரத்து ஒன்றில் குடும்பக் கோர்ட்டில் இருவரும் சம்மதித்துப் பிரிந்தார்கள். மயிலாப்பூரில் பாதிப் பேர் அவளை ராட்சசி என்றார்கள். மீதிப் பேர் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணா அமெரிக்காவுக்கு வரச் சொன்னான். அவள் போகவில்லை. ஆதம்பாக்கத்தில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு, கே.கே. நகரில் ஒரு நர்சிங் ஹோமில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்தாள். பழைய தொழில், விரல் மறக்கவில்லை. எடை தொண்ணூற்றொன்பது நவம்பரிலேயே திடீரென்று மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது. மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை. எண்பத்தேழில் மறுபடியும் நின்றது. "இதோட நின்னாலும் சர்க்கரை கட்டுல இருக்கு, மூச்சு சரியா இருக்கு, எனக்குப் போதும்" என்றாள் அஃப்சருன்னிசா. இப்போது அவள் மேடம் என்பதை விட்டுவிட்டு அக்கா என்று கூப்பிட்டாள்.

ஆனால் ஒன்று ஹம்சாவைவிட்டுச் சீக்கிரம் போகவில்லை. நர்சிங் ஹோமில் ஜைதூன் பீ என்று ஒரு ஆயா. ஒரு மத்தியானம், கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஹம்சாவின் பயறு டப்பாவைக் கழுவிக் கொட்டிவிட்டாள். ஹம்சாவுக்குக் கண் இருண்டது. ஜைதூன் பீயின் மேல்கையைப் பிடித்து உலுக்கிச் சுவரோடு மோதினாள். அந்தப் பெண் ஓவென்று கத்தவில்லை. முகத்தை இரண்டு கைக்குள் புதைத்துக்கொண்டு, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

ஹம்சா கையை எடுத்தாள். அந்த மெலிந்த கையில் நாலு விரல் தடமும் சிவப்பாக எழும்பி வந்தது. "உங்க ஆத்துல..." என்று ஆரம்பித்து, கேட்க முடியாமல், அவளும் எதிரே தரையில் உட்கார்ந்தாள். போர்டில் போன் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டாள். ஜைதூன் பீ பல நாள் அவள் பக்கமே வரவில்லை. அப்புறம் ஒரு நாள் டீ கொண்டு வந்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டு, "சக்கரை போடலம்மா" என்றாள்.